ஒரு தீவு, பல பெயர்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. அம்ஸ்டர்டாம் என்னும் ஒரே பெயர் கடல் கடந்த நகரையும் நம் தீவையும் குறித்தமையால், எந்த ஏட்டில் உள்ள பெயர் என்பதை அறிந்தே இடத்தை உணர வேண்டியதாயிற்று.

கணினியின் மெய்நிகர் நினைவகமும் இத்தகையதே. மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பேர்ன் குழுவினரின் முயற்சியால் 1962 இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், செய்நிரல் கூறும் முகவரி வெறும் பெயரே. நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. பெயருக்குரிய உண்மை இடத்தைக் கணினியே கண்டறிந்தது. பின்வந்த கணினிகளில் செய்நிரல் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை அமைந்தது. இரு செய்நிரல்கள் ஒரே முகவரியைக் கூறினும் வெவ்வேறு இடங்களை அடைந்தன. 1977 இல் வந்த வாக்ஸ் கணினியின் பக்கம் 512 பைட்; 1985 இல் வந்த இன்டெல் 386 இன் பக்கம் 4096 பைட். சில இயந்திரங்களில் வன்பொருளே அட்டவணையை நோக்கும். சிலவற்றில் அது மென்பொருளின் கடன். அளவும் முறையும் வேறுபடினும் நெறி ஒன்றே.

அட்டவணை பிழைத்தால் ஒருவர் கணக்கு மற்றவர் இடத்தில் விழும். ஒல்லாந்தர் ஏட்டைப் புரட்டும் நம் மாணவன் ஹார்லெம் என்பதில் நயினாதீவைக் காணானாயின், நம் முன்னோர் வரலாறும் அவ்வாறே வேற்றூர்க் கணக்கிற் சேர்ந்துவிடும்.