செவிலியர் கேட்ட நாற்பது மணி நேரம்

1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கு பேர். பயிற்சிக் காலம் ஆறு மாதம். பிரசவம் பார்ப்பதுதான் முக்கியப் பாடம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைவீரர்களுக்காக 1664-இல் கோட்டைக்குள் திறந்த அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போது வயது இருநூறைத் தாண்டிவிட்டது. அத்தனை காலமும் அங்கே கட்டு மாற்றியதும் கஞ்சி ஊட்டியதும் பெரும்பாலும் எந்தப் பயிற்சியும் பெறாத வார்டு ஆட்கள்தான்.

நான்கு பேர்தான் வந்தார்கள் என்பதற்குக் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. ஊர்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். கைத்தொழிலைத் தாயிடம் கற்றவர். வலி கண்டதும் நள்ளிரவிலும் ஆள் அனுப்பி அவரை அழைத்த வீடுகள், குழந்தை பிறந்த பிறகு அவரைத் திண்ணையோடு நிறுத்தின. ரத்தமும் மலமும் சீழும் தொடும் கை தீட்டுக் கை என்ற எண்ணம் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளும் வந்தது. அந்நிய ஆண்களைத் தொட வேண்டும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும் என்பவையும் சேர்ந்துகொண்டன. ஆகவே ஆரம்பத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே அதிகம்.

சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லிப், ஆண் மருத்துவர் முன் வர மறுத்த பெண்களுக்காக 1885-இல் உருவாக்கிய மருத்துவமனை அது. இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. தங்களைப் பெண்கள்தான் கவனிக்க வேண்டும் என்று கேட்ட அதே குடும்பங்கள், தங்கள் மகளை அந்தப் பணிக்கு அனுப்ப நினைக்கவில்லை. சேவை வேண்டும், செய்கிறவருக்கு மதிப்பு வேண்டாம் என்ற இந்த மனநிலைதான் இந்தத் தொழிலின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

அந்த மனநிலையைப் படிப்பால் மாற்ற முயன்ற இடம் வேலூர். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். இரண்டு ஆண்டில் அது மருத்துவமனையானது. மருத்துவர் மட்டும் இருந்தால் மருத்துவமனை நடக்காது என்பதை அவர் சீக்கிரமே உணர்ந்தார். அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-இல்தான்; நர்சிங் பயிற்சியோ செவிலியர் டீலியா ஹௌட்டனின் பொறுப்பில் 1909-இலேயே தொடங்கிவிட்டது. அந்த வரிசைமுறையே ஒரு பாடம்.

1926-இல் மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று சொல்லப் பதிவேடும் கவுன்சிலும் உருவாயின. கையில் சான்றிதழ் இருந்தது. ஆனால் ட்யூட்டி எத்தனை மணி நேரம், தங்குமிடம் எங்கே, பதவி உயர்வு எப்போது என்ற கேள்விகளைப் பதிவேடு தொடவில்லை.

அவற்றை உரக்கக் கேட்டது, நாட்டின் சுகாதார நிலையை ஆராய அரசு அமைத்த போர் (Bhore) குழு 1946-இல் வெளியிட்ட அறிக்கை. நாடு முழுவதற்கும் இருந்த பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். 1971-க்குள் 7,40,000 பேர் தேவை என்று குழு கணக்கிட்டது. ஆள் சேராததற்குப் பெண்களின் தயக்கத்தை மட்டும் அது காரணம் காட்டவில்லை. செவிலியரின் பணிச்சூழலும் தங்குமிடமும் மோசமாக இருப்பதை எடுத்துச் சொன்னது. அதே 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. மறு ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. படிப்பைப் பற்றிய யோசனைகள் உடனே நடைமுறைக்கு வந்தன. வேலை நிலை பற்றியவை கோப்பில் காத்திருந்தன.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு அந்தக் கோப்பை மீண்டும் திறந்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண்மணி முக்கியமானவர். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகளும் சமூக சேவகியுமான சரோஜினி வரதப்பன், 1987-இல் மத்திய அரசு அமைத்த நர்சிங் உயர்மட்டக் குழுவுக்குப் பின்னர் தலைமையேற்றார். 1989-இல் முடிந்த அதன் அறிக்கையைப் படித்தால், எழுதியவர்கள் வார்டுக்குள் நின்று பார்த்திருக்கிறார்கள் என்பது புரியும். வேலை வாரத்துக்கு 40 மணி நேரமாக இருக்க வேண்டும். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று நாளையே துண்டாக்கும் ட்யூட்டி போய், ஒரே தொடர்ச்சியான ஷிஃப்ட் வர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு விடுப்போ பணமோ தர வேண்டும். துணி எண்ணுவது, மருந்து இருப்புப் பார்ப்பது போன்ற வேலைகளுக்குத் தனிப் பிரிவுகள் வேண்டும். உடைந்த பொருளுக்கும் காணாமல் போன பொருளுக்கும் செவிலியரைப் பொறுப்பாக்கக் கூடாது.

இந்தக் கடைசிப் பரிந்துரையை வாசிக்கும்போது மனம் கனக்கிறது. தெர்மாமீட்டர் உடைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தோடு வேலை செய்பவரிடம் ஊக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? பணிக்காலத்தில் குறைந்தது மூன்று பதவி உயர்வு, ஐந்து ஆண்டு பணிக்குப் பிறகு மேற்படிப்புக்கு அனுப்பும் வாய்ப்பு, பணியிடத்துக்கு அருகில் வீடு, அகால நேரத்தில் போக்குவரத்து என்றும் அந்தக் குழு கேட்டது. செவிலியரின் ஊக்கம் பற்றி நடக்கும் கருத்தரங்குகள் பலவற்றையும்விட இந்தச் சில பக்கங்கள் பயனுள்ளவை.

செவிலியரைத் தேவையான எண்ணிக்கையில் அமர்த்தி, பொறுப்பையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை நியமித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க அரசு வழிசெய்தது. மாலையில் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் இரவில் விளக்கு எரிந்தது. கர்ப்பிணிகள் நம்பி வந்தார்கள். 2004–06 காலத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 111 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கிகள், ஒவ்வொரு இறப்பையும் ஆராயும் முறை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. என்றாலும் நள்ளிரவில் பனிக்குடம் உடைந்து வருகிற பெண்ணுக்கு முதலில் கை கொடுப்பவர் அந்த நர்ஸ்தான்.

அந்தக் கைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று வந்த ஆயிரக்கணக்கானோருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். ஊதியம் பிறகு உயர்ந்தது. ஒப்பந்த முறை போகவில்லை. கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. தொற்றுக்கு நடுவே நின்றவர்கள் மறுபடியும் தெருவில் நின்று கேட்க வேண்டி வந்தது.

தனியார் துறையில் நிலை இன்னும் கடினம். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றது. அது 2016. கல்விக் கடன் வாங்கிப் பி.எஸ்சி. முடித்துத் தனியார் வார்டில் நிற்கும் பெண்கள் பலருக்கு அந்த எண்கள் இன்னும் கைக்கு வரவில்லை. அவர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விண்ணப்பிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

2023-இல் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. கல்வித் தரமும் பதிவேடும்தான் இதிலும் முன்னால் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2016 குழு சொன்ன ஊதியத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டத்தையும், சரோஜினி வரதப்பன் குழு கேட்ட வாரம் 40 மணி நேர வேலையையும், வரும் மே 12 செவிலியர் தினத்துக்குள் கொண்டுவர வேண்டும்.