தானுந்து ஒலிப்பான்

தானுந்து ஒலிப்பான் (பேச்சு வழக்கில் ஹாரன்) என்பது, வாகனம் வருவதைச் சாலையில் உள்ள பிறருக்கு அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி ஆகும். சினத்தையோ அவசரத்தையோ தெரிவிப்பதற்கான கருவி அன்று. எனினும் இந்திய நகரங்களில் பெரும்பாலும் அதற்கே பயன்படுகிறது.

இயங்கும் விதம்

தானுந்துகளில் பொதுவாக மின் ஒலிப்பான் பொருத்தப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் ஓர் எஃகுத் தகட்டை இழுக்கும். உடனே மின்தொடர்பு அறுந்து தகடு பழைய நிலைக்குத் திரும்பும். இது நொடிக்குப் பல நூறு முறை நிகழ்வதால் ஒலி பிறக்கிறது. ஏர் ஹாரன் அழுத்தக் காற்றால் இயங்குவது. சென்னை ஆட்டோக்களில் முன்பு இருந்த ரப்பர் பந்து ஒலிப்பானின் ‘பாம் பாம்’ ஓசை இவற்றைவிட மிக மென்மையானது.

முறையான பயன்பாடு

அண்ணனூர், ஆவடி, அம்பத்தூர் பகுதிகளைச் சென்னையுடன் இணைக்கும் சி.டி.எச். சாலையில் பேருந்து, சரக்குந்து, ஷேர் ஆட்டோ, இருசக்கர வாகனம், பாதசாரி என அனைவரும் ஒரே பாதையைப் பகிர்கின்றனர். இத்தகைய சாலையில் நெரிசலின்போது பின்னாலிருந்து ஒலி எழுப்புவதால் முன்னால் உள்ளவர் நகர இயலாது. அவருக்கு முன்னும் வாகனமே நிற்கிறது. அனைவரும் ஒலி எழுப்பும்போது உண்மையான எச்சரிக்கை எது என்பது சாலையைக் கடக்கும் முதியவருக்குத் தெரியாமல் போகிறது. இதுவே பெரிய ஆபத்து.

எதிரே வருவது தெரியாத வளைவு, பார்க்காமல் பின்னோக்கி வரும் வாகனம், சாலைக்குள் இறங்கும் குழந்தை ஆகியவை ஒலிப்பானுக்குரிய தருணங்கள். ஒரு சிறு அழுத்தமே போதும். ஒலிப்பான் வாகனத்தை நிறுத்தாது என்பதால் பிரேக்கே முதலில் வர வேண்டும். முன்னால் நடப்பவர் காது கேளாதவராகவும் இருக்கலாம்.

சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 119 பல சுரங்களில் மாறி ஒலிக்கும் அல்லது செவியைத் துளைக்கும் ஒலிப்பான்களைத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தேவையின்றி ஒலி எழுப்பினால் முதல் முறை 1,000 ரூபாயும், மீண்டும் செய்தால் 2,000 ரூபாயும் அபராதம். ஒலி மாசு விதிகளில் 2010இல் செய்யப்பட்ட திருத்தம், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, பொது அவசர நிலை தவிர, ஒலிப்பானைத் தடுக்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். அங்கும் இத்தடை உண்டு.

பிற நகரங்கள்

சரக்குந்துகளின் பின்புறம் எழுதப்படும் ‘ஹார்ன் ஓகே ப்ளீஸ்’ வாசகத்தை மகாராட்டிர அரசு 2015இல் தடை செய்தது. மும்பை காவல்துறை சில சந்திப்புகளில் ஒலி அளவியைச் சைகை விளக்குடன் இணைத்துச் சோதித்து, 2020 சனவரியில் அதன் காணொளியை வெளியிட்டது. அச்சோதனையில் இரைச்சல் 85 டெசிபெல்லைக் கடந்தால் சிவப்பு விளக்கின் காத்திருப்பு நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.