இல்லத்து நறுமணம்: கீரிமலை தரும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, உப்புக்கடலும் நன்னீரூற்றும் அருகருகே விளங்கும் தலம் கீரிமலை. நகுல முனிவர் இவ்வூற்றில் நீராடித் தம் கீரிமுகம் நீங்கப்பெற்றார் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் ஆற்றுவோர் இங்கே திரளாகக் கூடுவர். நீராடியோரின் ஈர உடைகளும், கடற்காற்றின் கசிவும், மாரிகாலத்து ஈரமும் மடங்களிலும் மனைகளிலும் புழுங்கல் நாற்றத்தை உண்டாக்கும். வீட்டு மூலைகளிற் சேர்த்துவைக்கும் கருவாடும் புகையிலையும் தத்தம் மணத்தை அதனோடு கூட்டும். இவற்றிடையே இல்லத்தை நன்மணத்தோடு வைத்திருத்தற்கு இந்நிலத்து மக்கள் கையாண்ட வழிகள் இரண்டு. ஒன்று நாற்றத்தை வெளியேற்றுதல். மற்றொன்று நறுமணத்தை வரவழைத்தல்.

முதலாவது வழிக்குத் துணைநின்றவை வீட்டின் அமைப்பும் நிலத்தின் கல்லுமே. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெயிலையும் காற்றையும் அறைதோறும் கொண்டுசேர்த்தது. சாணத்தால் மெழுகிய மண்தரை புழுதியை அடக்கியது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கற்பாறையாதலால், அக்கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றி, ஆண்டுதோறும் சுவர்களுக்குப் பூசுதல் வழக்கமாயிற்று. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணம் படர்வதைத் தடுக்கும். வெண்மையின் பொருட்டுப் பூசிய பூச்சு நாற்றத்தின் வேரையும் அறுத்தது.

இரண்டாவது வழி தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மிகப் பழமையானது. கூதிர்காலத்து மனைகளில் அகில் முதலியன புகைக்கப்பட்டதை நெடுநல்வாடை காட்டுகின்றது. மேற்குமலையிற் பிறந்த சந்தனமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்து அங்காடிக்கு வந்ததைப் பட்டினப்பாலை சொல்கின்றது. மனைவியின் தாலியை விற்றுக் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கிய கலயநாயனாரின் வரலாறு, இப்பொருள் எத்துணை மதிப்புடையதாயிருந்தது என்பதற்குச் சான்று. சாம்பிராணியோ சுமாத்திரா முதலிய கீழ்த்திசைத் தீவுகளின் மரப்பிசின். கடல்வணிகத்தால் நாடெங்கும் பரவியது. சாளரமற்ற கருவறையிலே தூபம் இறைவழிபாடாகவும் அடைபட்ட காற்றுக்கு மணமாகவும் அமைந்தது. கோயிலின் இவ்வழக்கம் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீடுகளிலும் புகுந்தது.

1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதன்பின்னர்க் கீரிமலைச் சிவன்கோயிலும் இடிக்கப்பட்டது. அதனை மீண்டும் எழுப்புதல் வேண்டுமென 1878ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சைவ மக்களை வேண்டினார். அவர் காலத்து யாழ்ப்பாணம் வாந்திபேதியின் கொடுமையையும் அறிந்திருந்தது; 1866ஆம் ஆண்டளவில் அந்நோய் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. துர்நாற்றமே நோயைப் பிறப்பிக்கின்றது என்பது அக்காலத்தில் மேனாட்டு மருத்துவரிடையேயும் நிலவிய கொள்கை. நாற்றம் மறைந்தால் ஆபத்தும் மறைந்தது என்று எண்ண அது இடந்தந்தது. 1883ஆம் ஆண்டில் ரொபேட் கொக் என்னும் செர்மானிய அறிஞர் வாந்திபேதிக் கிருமியை எகிப்திலே ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். நீரின் வழியே அது பரவுவது தெளிவாயிற்று. மணமுள்ள வீட்டிலும் மாசுபட்ட நீர் கொல்லும் என்பது உலகம் பெரும்விலை கொடுத்துக் கற்ற பாடம்.

எனினும் பழைய கொள்கையினால் விளைந்த நன்மையும் உண்டு. அது சாளரங்களைத் திறக்கச் செய்தது. கீரிமலைக்குத் தெற்கே மானிப்பாயில் மருத்துவத் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், கற்றரின் உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டார். உடலின் அமைப்பையும் தொழிலையும் கூறும் அந்நூல், சுகாதார விதிகளையும் தமிழ் மாணவருக்கு உணர்த்தியது. தூய காற்றே அறையின் முதன்மருந்து என்னும் கருத்து இவ்வாறு தமிழிலே நூல்வழியும் நிலைபெற்றது.

1990ஆம் ஆண்டில் நிகழ்ந்த போரிலே நகுலேசுவரம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. சுற்றுவட்டாரத்து மக்களும் ஊரைவிட்டு அகன்றனர். 2012ஆம் ஆண்டில் திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஊர்மனைகளுக்கு மீண்டோர் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களும், முற்றத்தை மூடிய புதருமே. நெடுங்காலம் ஆளற்றுக் கிடந்த மனையின் நாற்றம் ஊதுபத்தியால் நீங்குவதன்று. புதர் வெட்டி, கிணறு இறைத்து, ஈரச்சுவரை உலரவைத்து, சுண்ணாம்பு பூசிய பின்னரே அங்கே தூபத்திற்குப் பொருளுண்டு.

இந்நாளிலே தெளிப்பான்களும் செயற்கை வாசனைகளும் அங்காடியில் மலிந்துள்ளன. அவற்றுட் பல நாற்றத்தை நீக்குவதில்லை. அதன்மேல் வேறொரு மணத்தைப் போர்த்துகின்றன. அடைத்த அறையிற் புகையும் ஊதுபத்தியும் சாம்பிராணியும் நுண்துகள்களை எழுப்பி மூச்சுக்குழாய்க்குத் தீங்கு செய்யும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈழைநோயுற்றோரும் குழந்தைகளும் உள்ள வீட்டிலே இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆகவே, நாற்றத்தின் காரணத்தை அகற்றுதல் முதலாவது. வெயிலும் காற்றும் புகவிடுதல் இரண்டாவது. அதன்பின்னரே அளவான நறுமணம். தூபமிடும் மாலையிலும் ஒரு சாளரம் திறந்திருத்தல் நன்று.