ஹெரால்டும் ஜீப்பும்: பெட்ரோல் வண்டிகளின் பிளக் வேலை

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது ஒரு மின்பொறி. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். டிஸ்ட்ரிபியூட்டர் அதைச் சிலிண்டர்களுக்கு முறை வைத்துப் பங்கிடும். தடித்த ஒயர் வழியாகப் பிளக்கை அடையும் அந்த மின்சாரம் அதன் முனையில் உள்ள இடைவெளியைத் தாண்டும்போது பொறி எழுகிறது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். பேட்டரி, காயில், காயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட் ஆகியவை கொண்ட ஏற்பாட்டை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்காக அமைத்தார். அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்குக் கார்களில் பெரும்பாலும் கெட்டரிங்கின் முறையே நிலைத்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் பங்கீடு தமிழகத்துப் பட்டறைகளுக்குக் கடும் சோதனையாக இருந்தது. கரி வாயுவில் வண்டி ஓட்டும் கலன்களை மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் செய்தது. கரி வாயு மெதுவாக எரிவதால் பொறியைச் சற்று முந்தி விழவைக்க வேண்டும். சரியாக வடிகட்டாவிட்டால் சாம்பலும் தாரும் பிளக்கை அடைத்துவிடும். இதே காலத்தில்தான், 1928-ல் வந்த மதுரை–போடி ரயில் பாதையும் போர்த் தேவைக்காக 1942-ல் பெயர்த்தெடுக்கப்பட்டது. அது மீள 1950-களாயிற்று. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே சாலையோரம் இருக்கும் அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களுக்கு அதற்கு முன்பும் பின்பும் ரயில் இல்லை. அங்கே எல்லாப் போக்குவரத்தும் சாலையில்தான்.

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உதிரி பாகங்கள் உள்நாட்டிலேயே தயாராக வேண்டியிருந்தது. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, பாஷ் உரிமத்தில் பிளக்குகளைச் செய்தது. பிற்காலத்தில் பிளக்குக்கே வேலையில்லாமல் செய்த டீசல் பம்புகளும் அதே ஆலையில் பிறந்தவை. 1961-ல் சென்னை பாடியில் உருவான லூகாஸ்-டி.வி.எஸ். காயிலையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் தந்தது. அதே ஆண்டு வண்டலூரின் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. அதன் சட்டத்தைச் சுருக்கி, 1,147 சி.சி. எஞ்சின் பொருத்தி, 1962-ல் டிரையம்ப் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபயர். இந்திய ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும் அதே குடும்பம். ஸ்பிட்ஃபயரைக் கண்ணால் பார்க்காத மெக்கானிக்கும் அதன் பற்றவைப்பைக் கற்றிருந்தார் என்றே சொல்லலாம். சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின.

இவ்விரு வண்டிகளிலும் முன்பக்க உடல் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை முதலில் காற்றடித்து நீக்குவார்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக் எஞ்சினின் நிலையைக் காட்டிவிடும். இளம்பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு ரிங் தேய்மானத்துக்கு அடையாளம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதீதச் சூடு. ஃபீலர் கேஜால் இடைவெளியை 25 தவு அளவில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்காக வைத்து, மரையைக் கையாலேயே பிடிக்கவிட்டு, கடைசியில்தான் பிளக் ஸ்பேனரைப் போடுவார்கள்.

பிரிட்டிஷ் கையேடு 6,000 மைலில் சுத்தம் செய்யவும் 12,000 மைலில் மாற்றவும் சொன்னது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டாவது அறிவுரையைப் பலர் பொருட்படுத்தவில்லை. காற்றோடு மணல் பீய்ச்சும் இயந்திரத்தில் தேய்த்து, முனை மழுங்கும்வரை அதே பிளக்கை ஓட்டினார்கள். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பீங்கான்மேல் படிந்து மின்சாரத்தைக் கசியவிட்டது. 2000-ல் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது.

ஒயரில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 1-3-4-2 என்ற முறையில் சிலிண்டர்கள் எரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். இரண்டு ஒயர் இடம் மாறினாலும் வண்டி கார்புரேட்டர் வழியே வெடிக்கும். அதனால் ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவது வழக்கம். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளில் ஒயர் பக்கவாட்டில் நுழையும். உள்ளிருந்து கூரான திருகு ஒன்று அதைக் குத்திப் பிடிக்கும். செம்புக் கம்பி ஒயருக்கு இது பொருந்தும். வானொலி இரைச்சலைத் தடுக்க வந்த கார்பன் இழை ஒயரில் குத்தினால் இழை அறுந்து தொடர்பு விட்டுப்போகும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசையாக விலையுயர்ந்த ஒயர் வாங்கியவர்கள் ‘மிஸ்ஸிங்’ வந்து திகைப்பது இதனால்தான். செம்பு ஒயரைப் போட்டு, இரைச்சல் தடுக்கும் மின்தடையைப் பிளக் மூடியில் வைப்பதே சரியான வழி.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வேலையை அதிகம் கேட்டது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஜீப். கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற மகிந்திரா ஜீப்புகளில் முற்காலத்தவை பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. மலையின் பனிமூட்டமும் மழையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரத்தைச் சேர்க்கும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எர்த் ஆகிவிடும். தோல் வெடித்த ஒயர் இருட்டில் நீலமாகப் பொறிவிடும். மூடியைத் துணியால் துடைத்துக் காயவைப்பதே வழியில் செய்யக்கூடிய வைத்தியம். 1980-களில் பெஷோ வடிவமைப்பு டீசல் எஞ்சின் ஜீப்புகளில் பரவியதும் அந்த வேலை குறைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ய உதவும் ‘ஹீட்டர் பிளக்’ மட்டும் மிஞ்சியது.

கார்களில் பாயிண்ட்டும் கன்டென்சரும் மறைந்து மின்னணு முறை வந்தது. பிறகு ஒவ்வொரு பிளக்குக்கும் மேலேயே தனிக் காயில் அமர, ஒயருக்கே இடமில்லாமல் போயிற்று. ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருப்பவர்கள் பாயிண்ட்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னணுத் தொகுதியைப் பொருத்திக்கொள்வது உண்டு. அப்போதும் பிளக்கும் நான்கு ஒயரும் பழையபடியே மாற்றப்படுகின்றன.