தெளிந்த நீரும் மறைத்த தாளும்

குழாயைத் திருகினர், நீர் வந்தது. குவளையில் ஏந்திப் பார்த்தனர், பளிங்கெனத் தெரிந்தது. தாய் குடித்தாள், தன் மக்களுக்கும் தந்தாள். அந்த நீரிலேதான் நோய் இருந்தது! 'இந்த நீர் கெட்டிருக்கிறது' என்று கூறும் ஆய்வுத் தாளும் அதே ஊரில்தான் இருந்தது. ஓர் அலுவலகத்தில் அடங்கிக் கிடந்தது. நீர் வீடுதோறும் சென்றது. தாள் மட்டும் வெளியே வரவில்லை.

நடந்த இடம், கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்டன் எனும் சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ 4,800. காலம், 2000ஆம் ஆண்டு மே மாதம். நோயுற்றோர் 2,300 பேருக்கு மேல். ஊரின் தொகையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டச் சரிபாதி! மாண்டோர் எழுவர். சிறுநீரகத்தைச் சிதைக்கும் கொடிய நிலைக்கு ஆளானோர் 27 பேர். அவர்களிலே பெரும்பாலோர் பச்சிளம் பிள்ளைகள்.

செல்வம் கொழிக்கும் நாடு. அறிவியல் வளர்ந்த நாடு. ஆய்வுக்கூடங்களுக்குப் பஞ்சமில்லாத நாடு. அங்கே, குழாய்நீர் குடித்துக் குழந்தை செத்தது! எப்படி? விதி என்று கூறி விலகிச் செல்வோர் செல்லட்டும். நாம் காரணம் கேட்போம். அந்தக் காரணத்தைத் தெளிவாகக் காண, முதலில் 128 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1872. சுவிட்சர்லாந்து நாட்டில், பாசல் நகருக்கு அருகே லௌசன் என்றொரு கிராமம். சுமார் 800 பேர் வாழ்ந்த ஊர். மலையடிவாரத்து ஊற்றுநீரைக் குழாய்வழிக் கொணர்ந்து ஊருக்குப் பொதுவாக வழங்கினர். மண்ணும் பாறையும் வடிகட்டித் தந்த மாசற்ற நீர் என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. ஆகஸ்டு மாதத்தில் டைபாய்டு மூண்டது. ஏறத்தாழ 130 பேரை அது படுக்கையில் தள்ளிற்று. ஆனால் ஒரு வியப்பு! பொதுநீரைக் கொள்ளாமல் சொந்தக் கிணற்று நீரையே குடித்துவந்த ஆறு வீடுகளில் நோய் இல்லை.

ஹேக்லர் என்ற மருத்துவர் அந்த வியப்போடு நின்றுவிடவில்லை, வினாவாக்கினார். மலைக்கு அப்பால், ஒரு மைல் தொலைவில், வேறொரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பண்ணை வீட்டில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டைபாய்டு தோன்றியிருந்தது. நோயாளியின் கழிவு சிற்றோடையில் கலந்தது. அந்த ஓடைநீர் புல்வெளிக்குப் பாய்ந்து மண்ணுக்குள் இறங்கியது. அது மலையைக் கடந்து இந்த ஊற்றுக்கு வருகிறதா? வாதம் செய்து கொண்டிராமல், சோதித்துப் பார்த்தனர். ஓடைநீர் உள்ளிறங்கும் இடத்தில் ஏராளமான உப்பைக் கரைத்துவிட்டனர். லௌசன் ஊற்று உப்புக் காட்டியது! பிறகு மாவைக் கலந்துவிட்டனர். மாவின் துகள் ஒன்றுகூட வரவில்லை.

உப்பு வந்தது, மாவு வரவில்லை. இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து உலகுக்கு ஒரு பாடத்தைப் புகட்டின. மலை நீரை வடிகட்டத்தான் செய்தது. நீர் தெளிவாகத்தான் வந்தது. ஆயினும், மாவைத் தடுத்து நிறுத்திய அந்த மண், நோயைத் தடுக்கவில்லை! கண்ணுக்குத் தெளிவு வேறு. உடலுக்குத் தூய்மை வேறு. டைபாய்டுக் கிருமியை எபர்த் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டுரைத்தது 1880இல்தான். ஆகவே, 1872இல் லௌசன் மக்கள் ஏமாந்ததற்கு அறியாமையைக் காரணமாகக் கூறலாம். அறியாமை குற்றமன்று, அறிந்தபின் உறங்குவதே குற்றம்.

அறிவு உறங்கவில்லை. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது, ஹூஸ்டன் எனும் அறிஞர் குளோரின் சேர்மத்தைக் குடிநீரில் கலந்து தந்தார். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்து நீருக்கு ஜான் லீல் என்ற மருத்துவர் அதே முறையை இடைவிடாது கையாண்டார். 'குடிக்கும் நீரில் இரசாயனமா!' என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது, முறை பாதுகாப்பானதே என்று நீதிமன்றம் ஏற்றது. கொள்ளைநோய்க்கு ஒரு கடிவாளம் கிடைத்தது.

கடிவாளம் இருந்தால் மட்டும் போதுமா? பிடித்திருக்க வேண்டாமா? நீரில் குளோரினைக் கலந்தால், அங்குள்ள அழுக்கோடும் கிருமியோடும் போராடி அதில் ஒரு பகுதி தீர்ந்துபோகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால், காவல் இருக்கிறது என்று பொருள். வழக்கமான அளவைக் கலந்தும் மிச்சம் காணாமற் போனால், நீருக்குள் ஏதோ தீங்கு புகுந்துவிட்டது என்று பொருள். அளக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாததுதான் வாக்கர்டன் கதை.

வாக்கர்டனில் 5ஆம் எண் கிணறு 1978இல் தோண்டப்பட்டது. ஆழமில்லாத கிணறு, விரிசல் விட்ட பாறையிலே, தரைக்குக் கீழே 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலிருந்தே நீர் பெற்றது. அருகிலே ஒரு கால்நடைப் பண்ணை. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் நிலத்துக்கு எரு இட்டிருந்தனர். முறைப்படி நடந்துகொண்ட அந்த உழவர்மீது குற்றமில்லை என்றே பின்னர் விசாரணையும் கூறியது. மே 8 முதல் 12 வரை பெருமழை. 134 மில்லிமீட்டர் பொழிந்தது. மழைநீர் எருவைக் கரைத்து, பாறை விரிசல் வழியே கிணற்றில் சேர்த்தது. ஈ.கோலை ஓ157 என்ற கொடிய கிருமி நீரில் ஏறிற்று. லௌசனில் மலைக்குள் நடந்தது, இங்கே காலடியில் நடந்தது.

காவலுக்கு இருந்த குளோரின் என்ன ஆயிற்று? பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் பெரும்பாலான நாட்களில் அளக்கவே இல்லை. ஆனால் பதிவேட்டில் 0.5 என்றும் 0.75 என்றும் எழுதி வைத்தனர். பல ஆண்டுகளாக நடந்துவந்த பழக்கம் அது! அவர்கள் நஞ்சூட்ட நினைத்தவர்களா? அல்லர். குளோரின் கலக்காத அந்தக் கிணற்று நீரை அவர்களும் குடித்தவர்களே. தங்கள் ஊர் நீர் நல்ல நீர் என்று மனமார நம்பினர். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊராரும் குறைபட்டுக் கொண்டிருந்தனர். அளவை செய்ய வேண்டிய இடத்தில் நம்பிக்கையை வைத்தனர். நம்பிக்கைக்கு எண் வடிவம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினர்! எழுதிய பொய் உயிரைக் குடித்தது.

மே 15இல் எடுத்த நீர் மாதிரியின் முடிவு மே 17இல் வந்தது. கிருமி உண்டு என்று ஆய்வுக்கூடம் தெரிவித்தது. யாருக்கு? குடிநீர் வாரியத்துக்கு மட்டும். பொறுப்பாளர் அதைத் தம்மிடமே வைத்துக் கொண்டார். மே 18இல் பள்ளிக்கு வராத பிள்ளைகள் இருபது பேர். மே 19இல், இரத்தப்போக்கோடு வந்த குழந்தைகளைக் கண்ட மருத்துவர் ஒருவர் ஐயுற்று, சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். துறையினர் தொலைபேசியில் கேட்டனர், நீர் எப்படி இருக்கிறதென்று. குறையில்லை என்ற விடை வந்தது. மறுநாளும் கேட்டனர், மறுபடியும் அதே விடை! குளோரினை அள்ளிக் கொட்டிக் குழாய்களைக் கழுவும் வேலை மட்டும் ஓசையின்றி நடந்தது. அந்த வாரியத்து ஊழியர் ஒருவர் மனம் பொறாமல், பெயர் சொல்லாமல், சுற்றுச்சூழல் துறையின் அவசரப் பிரிவுக்கு உண்மையைத் தொலைபேசியில் தெரிவித்தார்.

மே 21, ஞாயிற்றுக்கிழமை. மெக்விக் என்ற சுகாதார அதிகாரி, நீர் நன்றாக இருக்கிறது என்ற சொல்லை நம்பி இனியும் காத்திருக்கவில்லை. நோயின் போக்கு நீரைச் சுட்டுகிறது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்கு அறிவித்தார். தாமே மாதிரி எடுத்தனுப்பினார். மே 23இல் முடிவு வந்தது: கிருமி உண்டு. அதற்கு முதல் நாளே முதல் உயிர் போய்விட்டது.

மே 19இலேயே உண்மை வெளிப்பட்டிருந்தால்? அந்த எழுவரும் பிழைத்திருப்பர் என்று சொல்வதற்கில்லை; தீங்கு அதற்கு முன்பே உடலில் புகுந்துவிட்டது. ஆனால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பர் என்று விசாரணை கணித்தது. கேட்டைப் பெரிதும் குறைத்திருக்கக் கூடியது, நாள்தோறும் செய்ய வேண்டிய அந்த அளவை. குளோரின் மிச்சத்தை இடைவிடாது காட்டும் கருவி அக்கிணற்றில் இருந்திருந்தால் இந்தக் கேடே நேர்ந்திராது என்பது, விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓகானரின் முடிவு.

2002இல் வெளிவந்த அவரது அறிக்கை ஊழியர்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு ஓயவில்லை. அரசையும் கூண்டிலேற்றியது! 1996இல் குடிநீர் ஆய்வை அரசின் ஆய்வுக்கூடங்கள் கைவிட்டன. தனியார் கூடங்கள் ஏற்றன. கெட்ட நீர் கண்டால் சுகாதாரத் துறைக்கும் சொல்லியாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயத்தை மட்டும் யாரும் இயற்றவில்லை. சிக்கனம் என்ற பெயரால் சுற்றுச்சூழல் துறையின் நிதியைக் குறைத்தனர், ஆட்களைக் குறைத்தனர். கிணற்றைப் பார்வையிட்டோர் பொய்க் கணக்கைக் கண்டுபிடிக்கவில்லை. சிக்கனம் செய்தது யார்? ஆட்சியாளர். விலை கொடுத்தது யார்? பச்சிளம் குழந்தை!

அதன் பிறகே 2002இல் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தீய முடிவை ஆய்வுக்கூடம் மறைவின்றி உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இடம்பெற்றது. எழுவர் மாண்டபின் எழுதிய சட்டம்!

லௌசனையும் வாக்கர்டனையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழர்களே! முன்னது அறியாமையால் வந்த துயர். பின்னது அறிவு இருந்தும் அளக்காமலும், அளந்த முடிவை அறிவிக்காமலும் வந்த துயர். லௌசனில் ஒரு மருத்துவர் ஊருக்கு முன்னால் உப்பைக் கரைத்து உண்மையைக் காட்டினார். வாக்கர்டனில் ஓர் அதிகாரி தாளை மடித்து உண்மையை மறைத்தார். அறிவியல் வளர்ந்தால் மட்டும் போதாது. அதன் முடிவு மக்களின் உடைமையாக வேண்டும்.

நம் ஊர்களிலும் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும், 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருத்தலாகாது என்று இந்தியத் தர அளவு கூறுகிறது. நம் தெருவின் கடைசிக் குழாயில் எவ்வளவு இருக்கிறது? கடைசியாக அளந்தது என்று? அந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கிராம சபை கூடும்போது எழுந்து கேளுங்கள். தொட்டி இயக்கும் தொழிலாளியைத் திட்டுவதற்காக அன்று. அவர் கையில் அளக்கும் கருவியும், அளக்கக் கற்ற பயிற்சியும், உண்மையை எழுதினால் வேலை போகாது என்ற உறுதியும் இருக்கின்றனவா என்று அறிவதற்காகக் கேளுங்கள். ஆய்வு முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரிலே, எல்லோரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

'நம் ஊர் நீர் நல்ல நீர், பாட்டன் காலத்திலிருந்து குடிக்கிறோம்' என்று பெரியவர் ஒருவர் கூறக்கூடும். அவருக்கு மரியாதையோடு, லௌசனில் வந்த உப்பையும் வராத மாவையும் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு, அளந்து காட்டுங்கள்.