துணிமேல் விழுந்த முத்திரைகள்: சில குறிப்புகள்

திருப்பூர் பனியனுக்கும் பாஸ்போர்ட் வரப்போகிறது. 2024 ஜூலை 18இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்சார் வடிவமைப்பு விதிமுறை, அங்கே விற்கப்படும் பண்டங்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்க வழிசெய்கிறது. 2025 ஏப்ரலில் வெளியான பணித்திட்டம் ஆடைகளை முன்வரிசையில் வைத்திருக்கிறது; அவற்றுக்கான விரிவான விதிகள் 2027க்குத் திட்டமிடப்பட்டிருக்கின்றன. சட்டையிலிருக்கும் கோடை ஸ்கேன் செய்தால் என்ன நூல், என்ன ரசாயனம், எத்தனை காலம் உழைக்கும் என்பதெல்லாம் தெரியவேண்டுமாம். தயாராகுங்கள் என்று முதலாளிகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். இதை ஏற்றுமதிக்காரர்களின் தலைவலி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பண்டத்தின்மேல் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பது எப்போதும் அதிகாரம் பற்றிய கேள்விதான்.

1887இல் பிரிட்டன் வணிகக் குறிகள் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் சரக்குபோல வேடம்போட்டு வந்த ஜெர்மன் சாமான்களைக் காட்டிக்கொடுப்பதே நோக்கம். நடந்தது தலைகீழ்: 'ஜெர்மனியில் செய்தது' என்பதே தரத்தின் பெயராகிவிட்டது. 1889இல் இங்கே வந்த இந்திய வணிகக் குறிகள் சட்டம், ஆலைத்துணியின் ஒவ்வொரு பீஸ்மேலும் நீளத்தைக் கஜக்கணக்கில் முத்திரையிடச் சொன்னது. வாங்குகிறவர் ஏமாறக்கூடாது, நல்லதுதான். ஆனால் எடை கூட்டுவதற்காகக் கஞ்சியோடு சீனக்களிமண்ணைக் கலந்து துணியில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிப் பழகியவர்கள் லங்காஷயர்க்காரர்கள். கஜத்தைச் சொன்ன முத்திரை களிமண்ணைச் சொல்லவில்லை. தறியில் நின்றவரையும் சொல்லவில்லை.

முத்திரை வேறுமாதிரி பேசிய ஒரு தருணமும் உண்டு. 1925இல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கம் கதர் வியாபாரிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தது. திருப்பூர் அன்றைக்குக் கதர் ஊர். முதலில் அந்தச் சான்றிதழ் கையால் நூற்றது, கையால் நெய்தது என்ற அளவில்தான் நின்றது. மலிவான கதர் என்பது நூற்கிற பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த மலிவு என்பது 1935இல்தான் பெரிய விவாதமானது. எட்டு மணி நேர வேலைக்கு எட்டணாவாவது வேண்டும் என்றார் காந்தி. விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று கதர் ஊழியர்களே பயந்தார்கள். எட்டணா கிடைக்கவில்லை. ஆனாலும் குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்று சான்றிதழுக்குள் நுழைந்தது; அதைக் கொடுக்காதவரின் துணி கையால் நூற்றதாகவே இருந்தாலும் சான்றுபெற்ற கதர் இல்லை. காந்தியோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், இருக்கிறது. துணியின் அடையாளத்தில் கூலியைச் சேர்த்தது சாதாரண விஷயமில்லை.

2024இன் விதிமுறையில் அந்தக் கூலி இல்லை. அது சூழலுக்கானது. சூழலைக் குறைத்துப் பேசவில்லை. நொய்யலைச் சாகடித்த ஊர் இது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ரசாயனத்தைக் கேட்கிற சீட்டு வரட்டும். ஆனால் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் அடிக்கிறவருக்கு என்ன கிடைத்தது, எத்தனை மணிவரை ஷிப்ட் என்று அது கேட்பதில்லை. கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் நடக்கும் உரிமை மீறல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற இன்னொரு சட்டம் 2024இல் வந்தது. அடுத்த வருஷமே அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசா சரிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, எந்த கம்பெனிக்கு அங்கே தைத்தார்கள் என்பதை நிரூபிக்க இடிபாடுகளுக்குள் லேபிள் பொறுக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவருக்காக ஒட்டிய லேபிள், செத்தவர் பக்கம் சாட்சி சொன்னது. பாஸ்போர்ட்டையும் அப்படித் திருப்பிப் படிக்கலாம்: இந்த கம்பெனிக்கு இந்தப் பட்டறைதான் தைத்தது என்ற விவரம் அதில் தொழிற்சங்கத்தின் கைக்கு எட்டும்படி இருந்தால். யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அந்த விரிவான விதிகள்தான் தீர்மானிக்கும். சமூக நிபந்தனைகளைச் சேர்ப்பது பற்றிப் பின்னால் பரிசீலிப்போம் என்று விதிமுறையிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. முதலாளிகளின் சங்கங்கள் அந்த மேசைக்கு இப்போதே போய்விட்டன. செக்கிங், அயர்னிங் செய்கிறவர்கள் தரப்பிலிருந்து யார் போகப்போகிறார்கள்?