நிறுத்தப்படும் இடமே பாடம்: தமிழக உணவகச் சமையற்கட்டில் தொழில் கற்றல்

உணவக ஊழியர் பயிற்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் வகுப்பு, சான்றிதழ் என்ற அளவில் நின்றுவிடுகிறது. சமையற்கட்டில் ஒருவர் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதே அவர் எதைக் கற்பார் என்பதை முடிவு செய்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவும் எத்தியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூல், தொழில் கற்பவர் ஓரத்தில் தொடங்கி மையத்துக்கு நகர்கிறார் என்று விளக்கியது. நகர்வு தடைபட்ட ஒரு சூழலையும் அது காட்டுகிறது. அமெரிக்கப் பேரங்காடிகளின் இறைச்சிப் பிரிவில் பயிற்சியாளர்கள் பொட்டலம் கட்டும் மேசையிலேயே நிறுத்தப்பட்டனர். தேர்ந்தவர்கள் வெட்டுவது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நம் ஓட்டல்களின் பழைய வரிசை இதற்கு நேர்மாறானது. பாத்திரம் கழுவியவர் காய் நறுக்குவார், பிறகு மாவாட்டுவார், சரக்கு மாஸ்டருக்குக் கையாளாக நிற்பார், கடைசியில் தோசைக்கல்லுக்கு வருவார். தெளித்த தண்ணீர் உருண்டோடினால் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, மார்கழியில் மாவு பொங்க நேரமாகும், சித்திரையில் விரைவில் புளித்துவிடும் என்பவையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் படிந்த அறிவு.

அந்த வரிசைக்குக் கொடுத்த விலை சிறுவர்களின் குழந்தைப் பருவம். உணவகங்களில் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதற்கான தடை 2006 அக்டோபர் 10இல் நடைமுறைக்கு வந்தது. தடை முற்றிலும் நியாயமானது. ஆனால், பெரியவராக வேலைக்கு வருபவர் தொழில் கற்க மாற்று வழி எதுவும் அதனுடன் உருவாகவில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பயிற்சித் திட்டம் 2017இல் தொடங்கியது. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் என்பது அதன் அளவுகோல். சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்ததை 5 டிகிரிக்குக் கீழும் வைக்கவேண்டும் என்பதை வகுப்பில் சொல்லித்தரலாம், சொல்லித்தரவும் வேண்டும். ஆனால் அது சுகாதாரப் பாடம். கைத்திறன் அதன் நோக்கமே அன்று. மறுபுறம், மையச் சமையற்கூடத்திலிருந்து மாவும் சாம்பாரும் வண்டியில் வந்திறங்கும் கிளைகளில் ஊழியருக்கு மிஞ்சுவது சூடாக்கும் வேலை. பேரங்காடியின் பொட்டல மேசை இங்கே வேறு உருவில் இருக்கிறது.

கற்றுக்கொடுத்தால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்பது முதலாளியின் அச்சம். பக்குவத்தைச் சொல்லிவிட்டால் தன் மதிப்புக் குறையும் என்பது மாஸ்டரின் அச்சம். இரண்டிலும் நியாயம் உண்டு. பயிற்சியின் செலவு ஒருவர் தலையில் விழுந்து, பலன் தொழில் முழுமைக்கும் போவதே காரணம். ஆகவே செலவும் பொதுவாகப் பகிரப்பட வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் 2019இல் திருத்தப்பட்ட விதிகள் 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களையே கட்டாயப்படுத்துகின்றன. சிறிய ஓட்டல்களுக்கு அது விருப்பத் தேர்வு.

எனவே மூன்று மாற்றங்கள் தேவை: பழகுநர் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை வாரம் நிற்பார் என்று எழுதிவைத்த சுழற்சி, கற்றுத்தரும் மாஸ்டருக்குத் தனிப்படி, சிறிய ஓட்டல்கள் சேர்ந்து பழகுநரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. சுழற்சி இல்லாத இடத்தில் எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் வெங்காயம் நறுக்குபவர் வெங்காயம் நறுக்குபவராகவே இருப்பார்.